பொத்தான் யார் கையில்? பாடு யார் தலையில்?

2025-ம் ஆண்டு தீபாவளியன்று, அக்டோபர் 20-ம் தேதி திங்கட்கிழமை, பெரம்பூரில் ஒரு தோழர் வீட்டில் நமக்குச் சாப்பாடு. தோழர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் சுத்தியல் பிடித்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் 'சிஸ்டம் அட்மின்' வேலை பார்க்கிறார். இலை போட்டாயிற்று. சோறும் கறிக்குழம்பும் விழுந்தாயிற்று. தம்பி இரண்டு கவளம் சாப்பிட்டிருப்பார். சட்டைப் பையிலிருந்த போன் அலறியது. எச்சில் கையோடு எழுந்து போனவர், கையை அலம்பிக்கொண்டு மாடிப்படியில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்தார். மறுநாள் விடியற்காலம் மூன்று மணிக்குத்தான் அதை மூடினார் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். இலையை அம்மா மூடி வைத்தார். அப்புறம் எடுத்துவிட்டார்.

தகப்பனாருக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. "எங்களுக்குச் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. இவனுக்குச் சங்கும் கிடையாது, கேட்டும் கிடையாது. சம்பளம் மட்டும் என்னைவிட நாலு மடங்கு என்று ஊரெல்லாம் பேச்சு" என்றார்.

என்னதான் நேர்ந்தது அன்றைக்கு? அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தின் வட பகுதியில் அமேஸான் கம்பெனியின் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் கட்டடங்கள் இருக்கின்றன. உலகத்தில் உள்ள எத்தனையோ கம்பெனிகள் தங்கள் கணக்கு, வழக்கு, வியாபாரம் எல்லாவற்றையும் அங்கே வாடகைக்கு வைத்திருக்கின்றன. எந்த யந்திரம் எங்கே இருக்கிறது என்று விலாசம் சொல்லும் புத்தகம் ஒன்று அங்கே உண்டு. அதை மனிதர்கள் எழுதுவதில்லை. யந்திர குமாஸ்தாக்களே எழுதித் திருத்திக்கொள்கிறார்கள். அன்று ஒரு குமாஸ்தா தாமதமாக வந்து பழைய விலாசத்தை எழுதிவைக்க, இன்னொரு குமாஸ்தா "இது பழசாயிற்றே" என்று அதை அழிக்க, மிக முக்கியமான ஓர் இடத்துக்கு நேரே விலாசமே இல்லாமல் போயிற்று. நமது கடிகாரப்படி பகல் 12 மணி 18 நிமிஷம். அவ்வளவுதான். இங்கிலாந்தில் பாங்குக் கணக்கைத் திறக்க முடியவில்லை. செய்தி அனுப்பும் சாதனங்கள் செத்தன. ஏறத்தாழ பதினைந்து மணி நேரம் இந்தக் கூத்து.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சீமான்களுக்கென்று 'எய்ட் ஸ்லீப்' என்று ஒரு படுக்கை விற்கிறார்கள். விலை 2,000 டாலருக்கு மேல். சூட்டையும் குளிரையும் அதுவே பார்த்துக்கொள்ளுமாம். ஆனால் அதற்கும் வர்ஜீனியாவிலிருந்து உத்தரவு வரவேண்டும். அன்று உத்தரவு வரவில்லை. சில படுக்கைகள் சூடேறிப் போயின. சில, தூக்கிய நிலையிலேயே நின்றுவிட்டன. கயிற்றுக் கட்டிலில் படுத்தவன் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான்!

சரி, நம்முடைய தம்பி பதினைந்து மணி நேரம் மாடிப்படியில் என்ன செய்தார்? நாம் கேட்டோம். "தோழர், அங்கே உடைந்ததை இங்கிருந்து ஒட்ட முடியாது. மேலதிகாரிகள் நாற்பது பேர் போனில் காத்திருந்தார்கள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை 'இன்னும் சரியாகவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்" என்றார். தன் கையில் இல்லாத ஒரு யந்திரத்துக்குத் தன் வாயால் ஜவாப் சொல்வதே அன்றைய வேலை. பண்டிகை நாள் வேலைக்கு மாற்று விடுமுறை கிடைத்ததா என்று கேட்டதற்குச் சிரித்தார். அந்த நாள் கம்பெனிக் கணக்கில் விடுமுறை நாளாகவே இருக்கிறதாம்.

இந்த 'சிஸ்டம் அட்மின்' என்பவர் யார் என்று வாசகர்களில் பலர் கேட்கக்கூடும். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு முழு நேர ஊழியராக வந்துவிட்ட நமக்கும் இது வெகு நாள் விளங்காத விஷயம்தான். சர்வர் என்றால் நமக்கு ஓட்டலில் தோசை கொண்டுவருகிறவரும், 1964-ல் வந்த 'சர்வர் சுந்தர'மும்தான் ஞாபகம் வரும். தம்பி சொன்னார்: "இதுவும் அதேதான் தோழர். கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கும் யந்திரம். டிக்கெட் கேட்டால் டிக்கெட், பாங்கு இருப்பு கேட்டால் இருப்பு. ஒரே சமயத்தில் லட்சம் மேஜைக்குப் பரிமாறுகிறது." அந்த யந்திரங்களை விழாமல் நிறுத்தி வைப்பது, விழுந்தால் எழுப்புவது, கிழிந்ததைத் தைப்பது, திருடன் வராமல் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைப்பது, இவ்வளவும் அட்மின் வேலை. கப்பலில் அடித்தட்டு கொதிகலன் அறை ஊழியர்களைப் போல. மேல்தட்டில் இருப்பவன் அவர்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கப்பல் நின்றால்தான் விசாரிக்கிறான்.

'கிளவுட்' என்று இதற்கு ஒரு நாமகரணம் வேறு செய்திருக்கிறார்கள். மேகமாம்! ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம். அம்பத்தூரில் இருக்கிறது, சிறுசேரியில் இருக்கிறது. ஜன்னலில்லாத கட்டடம், வாசலில் காவல், உள்ளே இரவும் பகலும் குளிர்காற்று, வெளியே வரிசையாக டீசல் ஜெனரேட்டர். மேகம் பொழியும், இது மின்சாரத்தையும் தண்ணீரையும் குடிக்கும். பெயர் வைப்பதில் முதலாளிகளுக்கு இணை முதலாளிகள்தான்.

அமேஸான் கதையைவிடப் பெரிய கதை அதற்கு ஒரு வருஷம் முந்தியது. அதைச் சற்று விவரமாகச் சொல்லவேண்டும். ஏனென்றால், இந்தத் தொழிலின் மர்மம் முழுவதும் அதில் இருக்கிறது.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நமது நேரப்படி காலை 9 மணி 39 நிமிஷம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் தலைமை நிலையம் வைத்திருக்கும் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி, தன் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சின்னஞ்சிறு பைலை அனுப்பியது. கம்ப்யூட்டரைத் திருடனிடமிருந்து காப்பது அந்தக் கம்பெனியின் தொழில். காவல்காரன் என்ற பேரில் அவனுக்குக் கருவறைச் சாவியே கொடுக்கப்பட்டிருந்தது. 'கெர்னல்' என்று சொல்லப்படும் அந்த இடத்தில் ஒரு பிசகு நேர்ந்தால் யந்திரம் முழுவதும் படுத்துவிடும். அன்று அதுதான் நேர்ந்தது.

பிசகு எத்தனை பெரியது? ரேஷன் கடையில் குமாஸ்தாவிடம் 20 கார்டுகள் அடுக்கி இருக்கின்றன. "21-வது கார்டை எடு" என்று உத்தரவு வருகிறது. மனிதனாக இருந்தால், "அப்படி ஒன்று இல்லையே ஸார்" என்று தலையைச் சொறிவான். யந்திரம் இல்லாத கார்டுக்குக் கையை நீட்டிக் குப்புற விழுந்தது. கம்பெனி தானே பின்னால் வெளியிட்ட அறிக்கையில் உள்ள சங்கதி இது: 21 விவரம் எதிர்பார்த்த இடத்தில் 20 விவரமே தரப்பட்டது. அனுப்புமுன் சோதிக்க வேண்டிய சோதனை யந்திரத்திலும் கோளாறு. அது "எல்லாம் சரி" என்று முத்திரை குத்திவிட்டது. முதலில் நூறு யந்திரத்துக்கு அனுப்பிப் பார்த்து, பிறகு ஆயிரத்துக்கு, பிறகு எல்லோருக்கும் என்று செய்திருந்தால் ஆபத்து நூறோடு நின்றிருக்கும். அப்படிச் செய்யவில்லை. உலகம் முழுவதற்கும் ஒரே சமயத்தில் அனுப்பினார்கள். வாங்குகிறவன், "எனக்கு இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கிறேன்" என்று சொல்ல வழியும் வைக்கவில்லை. தோசைக்கு மாவு கரைக்கும் நமது வீட்டுப் பெண்கள்கூட முதலில் ஒன்று ஊற்றிப் பார்த்துத்தான் கல்லைப் பழக்குகிறார்கள்!

78 நிமிஷத்தில் பைலைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதற்குள் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி விழுந்துவிட்டன. இந்த எண்ணிக்கை மைக்ரோஸாப்ட் சொன்னது. விண்டோஸ் யந்திரங்களில் இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்று சமாதானமும் சொன்னது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லைதான். ஆனால் அந்த ஒன்று எங்கே இருந்தது? விமான நிலையத்தில், பாங்கில், ஆஸ்பத்திரியில், டெலிவிஷன் நிலையத்தில் இருந்தது. இங்கிலாந்தில் ஸ்கை நியூஸ் ஒளிபரப்பு நின்றது. டாக்டர்கள் நோயாளியின் பழைய விவரத்தைத் திறக்க முடியாமல் பேனாவும் காகிதமும் எடுத்தார்கள். நமது நாட்டு விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அமெரிக்காவின் டெல்டா விமானக் கம்பெனி ஐந்து நாட்களில் ஏறத்தாழ 7,000 விமானப் பயணங்களை ரத்து செய்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். பைலை அனுப்ப ஒரு பொத்தான் போதுமாயிருந்தது. விழுந்த யந்திரத்தை எழுப்பப் பொத்தான் உதவவில்லை. விழுந்தது விழுந்ததுதான், அதற்கு உத்தரவு அனுப்பினாலும் வாங்கிக்கொள்ள உயிர் இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் ஒரு மனிதன் போய் உட்கார வேண்டும். அதை 'சேப் மோட்' என்ற நிலையில் திறக்க வேண்டும். 291 என்ற எண் தாங்கிய பைலைத் தேடி அழிக்க வேண்டும். மறுபடி ஓட்ட வேண்டும். பூட்டுப் போட்ட யந்திரமாயிருந்தால், திறப்பதற்கு 48 இலக்கம் கொண்ட ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனித்தனி எண். அந்த எண்களை எழுதி வைத்திருந்த யந்திரமும் விழுந்து கிடந்த இடங்கள் உண்டு! சில யந்திரங்களை 15 தடவை வரை அணைத்து அணைத்துப் போட்டால் எழுந்துவிடும் என்று மைக்ரோஸாப்ட் யோசனை சொன்னது. பேய் ஓட்டுகிறவன்கூட இத்தனை தடவை வேப்பிலை அடிக்கமாட்டான். டெல்டா கம்பெனியில் மட்டும் 40,000 சர்வர்களைக் கையால் எழுப்ப வேண்டியிருந்தது என்று அதன் தலைவரே சொன்னார்.

அந்தக் கை யாருடையது? நமது தம்பியைப் போன்றவர்களுடையது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசுக்குப் போனவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வீடு திரும்பினார். அவர் கம்பெனி வைத்திருந்த கம்ப்யூட்டர்கள் நாலு மாடிகளில் மேஜைக்கு மேஜை பரவிக் கிடந்தன. யூஎஸ்பி குச்சியைக் கழுத்தில் கயிற்றில் மாட்டிக்கொண்டு, ரேஷன் கார்டு சரிபார்க்க வீடு வீடாகப் போகிறவரைப் போல் ஒவ்வொன்றாய்ப் போனாராம். "மேஜை விளிம்பில் முழங்கால் இடித்து இடித்துக் கன்றிப் போயிற்று தோழர். கம்ப்யூட்டர் வேலை மூளை வேலை என்கிறார்கள், எனக்கு அந்த மூன்று நாள் சுமைகூலி வேலை" என்றார். எப்போது இது நிஜமாகவே முடிந்தது என்று கேட்டோம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் லேப்டாப்களைப் போனில் பேசிப் பேசி எழுப்ப இன்னும் ஒரு வாரம் ஆயிற்றாம். வயதான ஓர் அக்கௌன்டன்ட் அம்மாவுக்கு 48 எண்ணையும் நாலு தடவை வாசித்தாராம். அந்த அம்மா அழுதுவிட்டாராம்.

நஷ்டக் கணக்குக்கு வருவோம். பெரிய அமெரிக்கக் கம்பெனிகளுக்கு மட்டும் 540 கோடி டாலர் நஷ்டம் என்று பாராமெட்ரிக்ஸ் என்ற கம்பெனி கணக்கிட்டது. தனக்கு 50 கோடி டாலர் போயிற்று என்று டெல்டா வழக்குப் போட்டது. கிரவுட்ஸ்டிரைக் வக்கீல் என்ன ஜவாப் எழுதினார் தெரியுமா? ஒப்பந்தப்படி எங்கள் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு; அது 1 கோடி டாலருக்கும் கீழே என்றார். காவலுக்கு வந்தவன் வீட்டையே இடித்துவிட்டான். கேட்டால் "எழுதிக் கொடுத்த சீட்டில் ஓட்டுச் சில்லுக்கு மட்டும்தான் பொறுப்பு" என்கிறான். முதலாளிக்கும் முதலாளிக்கும் நடக்கும் வழக்கில் நமக்கு அக்கறை இல்லை, அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். ஆனால் பயணம் தவறிய ஜனங்களும், மூன்று நாள் தூங்காத அட்மினும் அந்த ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்? எந்தப் பக்கத்திலும் இல்லை.

உதவிய சகாக்களுக்கு நன்றியாக 10 டாலர் சாப்பாட்டுக் கூப்பன் அனுப்பினார்கள் என்பதும் உண்மை. ஏகப்பட்ட பேர் ஒரே சமயத்தில் அதை உபயோகித்ததால், மோசடியோ என்று சந்தேகித்து சாப்பாட்டுக் கம்பெனி அதை நிறுத்திவிட்டது என்பதும் உண்மை. நாம் கற்பனை செய்து எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டீர்கள்.

2025 மே மாதத்தில் அதே கிரவுட்ஸ்டிரைக் 500 பேரை, அதாவது ஊழியரில் நூற்றுக்கு 5 பேரை, வேலை நீக்கம் செய்வதாக அறிவித்தது. செயற்கை அறிவு வந்துவிட்டது என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. அமேஸானும் அப்படித்தான். தீபாவளியன்று விழுந்து எழுந்த எட்டாம் நாள், அக்டோபர் 28-ல், 14,000 ஆபீஸ் ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது. விழுந்ததற்கும் ஆள் குறைப்புக்கும் நாம் முடிச்சுப் போடவில்லை. அது வெகு நாள் முன்பே போட்ட திட்டமாக இருக்கலாம். ஆனால் தம்பியின் பகுதியில் ஆறு பேர் இருந்த இடத்தில் இப்போது மூன்று பேர். சர்வர்கள் குறையவில்லை, கூடியிருக்கின்றன. இது நாம் நேரில் அறிந்த விஷயம்.

இந்த இடத்தில் பழைய சங்கதி ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். 1960-களில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் கம்ப்யூட்டர் கொண்டுவர முனைந்தபோது, கல்கத்தாவில் இலாகோ ஹவுஸ் கட்டடத்தின் முன்னால் ஊழியர்கள் இரவும் பகலும் காவல் இருந்தார்கள். யந்திரம் உள்ளே நுழையக்கூடாது என்பது காவலின் நோக்கம். வேலை போய்விடுமே என்ற பயம் அன்று நியாயமான பயம். அந்தப் போராட்டத்தைக் கேலி பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. "கம்ப்யூட்டரை எதிர்த்தவர்கள்தானே நீங்கள்" என்று நம்மையும் மேடையில் கேட்கிறார்கள். யந்திரம் வரும் என்பதை நம்மவர்கள் சரியாகக் கணிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. ஆனால் இன்றைக்கு நிலைமையைப் பாருங்கள். அன்று யந்திரம் உள்ளே வராமலிருக்க ராக்காவல் இருந்தார்கள். இன்று அதே யந்திரம் நின்றுவிடாமலிருக்கத் தொழிலாளியின் பிள்ளைகள் ராக்காவல் இருக்கிறார்கள். அன்றைய காவலுக்குச் சங்கம் இருந்தது. இன்றைய காவலுக்குச் சட்டைப் பையில் போன் இருக்கிறது.

அந்தப் போன் விஷயத்தில் தம்பியின் அபிப்பிராயம் கடுமையானது. புதுப்புது சாமான்களைக் கண்டால் அவருக்கு ஆசை அதிகம் இருக்கும் என்று நாம் நினைத்திருந்தோம். நேர்மாறு! வீட்டில் பேசும் விளக்கு இல்லை, பேசும் ரேடியோ இல்லை. "உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் வாங்கமாட்டான்" என்கிறார். நமது அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. ஒற்றை விரலால் தட்டித் துண்டுப் பிரசுரம் தயாரிப்போம். 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் இலவசப் பராமரிப்பை நிறுத்திவிட்டது. புதிய விண்டோஸ் 11 ஓட வேண்டுமானால் யந்திரத்துக்குள் 'டிபிஎம்' என்ற சில்லு குறிப்பிட்ட ரகத்தில் இருக்க வேண்டுமாம். நமது யந்திரத்தில் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் யந்திரம் ஒரே நாளில் கிழடு ஆகிவிட்டது! இப்படி 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் முன்பே கணித்திருந்தது. 30 டாலர் கட்டினால் இன்னும் ஒரு வருஷம் பராமரிப்பு என்றார்கள். ஐரோப்பாவில் வாடிக்கையாளர் சங்கங்கள் சண்டை போட்டதும் அங்கே அது இனாம் ஆயிற்று. ஆக, அந்த 30 டாலர் யந்திரத்தின் தேவையால் வந்ததல்ல என்பது அவர்கள் வாயாலேயே வெளிவந்துவிட்டது.

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, இரண்டு மணி நேரத்தில் அந்தக் கிழட்டு யந்திரத்தில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தார். விலை கிடையாது. முன்னைவிட வேகமாக ஓடுகிறது. கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் இப்படித்தான் ஓடுகின்றன. 'கைட்' என்ற மாநில அரசு நிறுவனம் அதை நடத்துகிறது. பிள்ளைகள் அதில் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் இனாம் என்றதும் வானத்திலிருந்து விழுந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அதற்குப் பின்னாலும் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது, பெரும்பாலும் கூலியில்லாத உழைப்பு. 2024 மார்ச்சில் நடந்ததைத் தம்பி சொன்னபோது நமக்கு ரோமம் சிலிர்த்தது. பைல்களைச் சுருக்கிக் கட்டும் 'எக்ஸ்இஸட்' என்ற சிறு கருவி, உலகத்தின் லினக்ஸ் சர்வர்களில் ஏராளமானவற்றில் இருக்கிறது. அதைப் பின்லாந்துக்காரர் ஒருவர் ஓய்ந்த நேரத்தில், ஒரு காசு வாங்காமல் பராமரித்து வந்தார். களைத்திருந்த அவருக்கு உதவுவதுபோல் ஒரு புனைபெயர்க்காரன் வந்து சேர்ந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவனாக நடித்து, சாவியை வாங்கிக்கொண்டு, உள்ளே கள்ளக்கதவு வைத்துவிட்டான். அது பரவியிருந்தால் அந்த சர்வர்களெல்லாம் அவனுக்குத் திறந்த வீடு. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர். எப்படிக் கண்டுபிடித்தார்? சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று அவருக்கு மனம் ஒப்பவில்லை. தோண்டிப் பார்த்தார், அகப்பட்டது. அரை விநாடி! இந்த அக்கறையை எந்த யந்திர குமாஸ்தாவிடம் வாங்க முடியும்? கோடி கோடியாக லாபம் சம்பாதிக்கும் கம்பெனிகள் அந்தக் கருவியை உபயோகித்தன. பின்லாந்துக்காரருக்கு ஒரு கைச்சாவியாவது வாங்கிக் கொடுத்தனவா?

தேசத்தின் விஷயமாகவும் ஒன்று சொல்லவேண்டும். குஜராத்தில் வாடினாரில் நயாரா கம்பெனியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ரஷ்யாவின் ராஸ்னெப்டுக்கு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு. 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் அதன்மீது தடை விதித்தது. உடனே, இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லாதபோது, மைக்ரோஸாப்ட் அந்த ஆலையின் கடிதப் போக்குவரத்து சாதனங்களை நிறுத்திவிட்டது. காசு கட்டி வாங்கிய சேவை. தன்னுடைய கடிதங்களையே தான் திறக்க முடியாத நிலைமை. டில்லி ஹைகோர்ட்டுக்குப் போன பிறகு, சில நாட்களில் திரும்பக் கொடுத்தார்கள். நயாரா முதலாளிகளுக்காக நாம் கண்ணீர் விடவில்லை. நாளைக்கு இதே பொத்தான் ஒரு மின்சார வாரியத்துக்கோ, ஜில்லா ஆஸ்பத்திரிக்கோ அழுத்தப்பட்டால் என்ன செய்வது என்று சர்க்கார் யோசித்திருக்கிறதா? பொது ஜனங்களின் காரியங்கள் நடக்கும் சர்வர்கள் நமது மண்ணில், பொது நிர்வாகத்தில், நமது ஆட்களே திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளோடு இருக்கவேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

வேலை நேரத்துக்கு வருகிறோம். நாராயணமூர்த்தி 2023-ல், வாலிபர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கட்டும் என்றார். லார்ஸன் அன்ட் டூப்ரோ தலைவர் சுப்ரமணியன் 2025 ஜனவரியில் வெளிவந்த பேச்சில் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்றும் கேட்டார். ஏலம் போகிறது! கர்நாடகத்தில் 2024 ஜூலையில், ஐ.டி. ஊழியர்களை நாளுக்கு 12 மணிக்கு மேலும் வேலை வாங்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. அங்குள்ள ஐ.டி. ஊழியர் சங்கம் கொதித்தெழுந்து எதிர்த்தது. பிரான்ஸில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதல், வேலை நேரத்துக்கு வெளியே முதலாளியின் அழைப்புக்குப் பதில் சொல்லாமலிருக்கத் தொழிலாளிக்குச் சட்ட உரிமை இருக்கிறது.

"அப்படியானால் இரவில் சர்வர் விழுந்தால் யார் எழுப்புவது?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியில் இரவில் யார் இருக்கிறார்கள்? ரயிலை இரவில் யார் ஓட்டுகிறார்கள்? ஷிப்டு வைத்து, முறை போட்டு, போதிய ஆள் வைத்து ஓட்டுகிறார்கள். போனை எடுக்கக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று ஒப்புக்கொண்டு, அதற்குக் கூலியும் கொடுத்து, மறுநாள் ஓய்வும் கொடுத்தால் எந்த அட்மினும் மறுக்கமாட்டார். மூன்று பேரை வைத்துக்கொண்டு ஆறு பேர் வேலையை வாங்குவதுதான் கோளாறு. சர்வரின் கோளாறு அதற்குப் பிறகுதான்.

தம்பியிடம் போன மாதம் இதையெல்லாம் பேசிவிட்டு, சங்கத்தின் அங்கத்தினர் படிவம் ஒன்றையும் கொடுத்தோம். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போனுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "கம்பெனிக்குத் தெரிந்தால்?" என்று கேட்டார். தெரிந்தால் என்ன செய்வார்கள் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆகவே பொய் தைரியம் சொல்லவில்லை. தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தான் எந்த வருஷம், யார் கையால் கார்டு வாங்கினேன் என்ற கதையை ஆரம்பித்தார். தம்பி பாதி கேட்டிருப்பார், போன் அடித்தது.